காட்டிக்கொடாத ஊர்: தாராவிக் குற்றக்கதையும் இணையத் தொடரும்

குற்றக்கதையில் ஊரின் பங்கு பெரும்பாலும் வாய் திறவாமைதான். நடந்ததை அறிந்தவர் பலர் இருப்பர். சாட்சி சொல்ல ஒருவரும் வரமாட்டார். மும்பைத் தமிழரைப் பற்றிய திரைப்படங்கள் இந்த மௌனத்தைப் பெருமையாகக் காட்டின. தொடர் வடிவம் அதே மௌனத்தைக் குற்றத்தின் ஒரு பகுதியாகக் காட்டுகிறது.

1987 தீபாவளிக்கு வெளியான மணிரத்னத்தின் 'நாயகன்', மும்பையின் மாதுங்கா, தாராவிப் பகுதிகளில் செல்வாக்குடன் இருந்த தமிழ்த் தாதா வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது. மாதுங்கா ரயில் நிலையத்தருகே அவர் அமைத்த விநாயகர் சதுர்த்திப் பந்தல் நகரெங்கும் பேசப்பட்டது. படம் வந்த சில மாதங்களில், 1988 ஜனவரியில், அவர் சென்னையில் காலமானார். படத்தில் அவரைத் தழுவிய பாத்திரமான வேலு நாயக்கரைத் தேடும் காவல்துறை குடிசைவாசிகளை அடித்து நொறுக்குகிறது, எவரும் காட்டிக்கொடுப்பதில்லை. இதை விசுவாசம் என்றே பார்வையாளர் கொள்கிறார். அடிபடுபவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூடத் தெரியாத நிலையில், அது அச்சமா அன்பா என்று கேட்க அவருக்கு வழியில்லை.

பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) இந்தக் கூட்டத்துக்கு முகம் கொடுத்தது. நிலம் பறிபோகும் நிலையில் தாராவி மக்கள் வேலைக்குப் போக மறுக்க, நகரமே முடங்குகிறது. வாய் திறவாமை இங்கே வேலை மறுப்பாகிறது. ஆனாலும் கதை அவர்களின் தலைவன் கரிகாலனைச் சுற்றியே நகர்கிறது. இரண்டரை மணி நேரப் படத்தில், அதுவும் ரஜினிகாந்த் படத்தில், வேறெதையும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

புஷ்கர்–காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய 'சுழல்' (2022) எட்டுப் பகுதிகள் கொண்ட இணையத் தொடர். களம் மும்பை அன்று, சாம்பலூர் என்னும் கற்பனை ஊர். மயானக் கொள்ளைத் திருவிழாவின்போது சிமென்ட் ஆலை எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலா காணாமற்போகிறாள். சந்தேகம் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுகிறது. விசாரிக்கும் ஆய்வாளர் ரெஜினாவின் குடும்பமும் அதிலிருந்து தப்பவில்லை. நேற்று இரக்கத்துக்குரியவராகத் தெரிந்தவரை இன்று ஐயத்துடன் பார்க்கும் பார்வையாளர், தம்மை அறியாமலே அந்த ஊர்க்காரராகிவிடுகிறார். குற்றத்தின் வேர் குடும்பத்துக்குள்ளேயே இருப்பது தெரியவரும்போது, அதுவரை பேசாதிருந்தவர்களின் மௌனம் யாரைக் காத்தது என்பதும் தெளிவாகிறது. இதைக் காட்டப் பாத்திரங்களுக்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைத் தருவது தொடர்தான். கிளைக்கதைகள் சில இடங்களில் இழுத்தாலும் இந்தப் பயன் குறையவில்லை.

மும்பைத் தமிழருக்கு இந்த வாய்ப்பு இன்னும் முறையாகக் கிட்டவில்லை. மும்பையின் டோங்ரியை மையமாகக் கொண்ட இந்தித் தொடர் 'பம்பாய் மேரி ஜான்' (2023) தமிழ்த் தாதாவைக் கூட்டாளிகளில் ஒருவராக மட்டும் நிறுத்துகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பங்களும், மாதுங்கா, செம்பூரின் அலுவலக நடுத்தர வர்க்கத்தினரும் ஒரே மொழி பேசினாலும் சாதியாலும் வருவாயாலும் பிரிந்தவர்கள். ஒரு கொலையைப் பற்றித் தாராவியில் ஒருவர் பேசாதிருப்பதற்கும் மாதுங்காவில் ஒருவர் பேசாதிருப்பதற்கும் காரணங்கள் வேறு. 'நாயகன்' இந்த வேறுபாட்டைத் தொடவில்லை. அடுத்து எழுதப்படும் தாராவிக் கதை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.