பழைய பதிவுகளும் புதிய வடிவமும்

ஓர் அலுவலகத்தில் ஆயிரம் பக்கப் பேரேடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், முகவரி, வயது எனக் கட்டங்கள் அச்சிடப்பட்டுள்ளன. 700 பக்கங்கள் எழுதி முடிந்தபின், ‘தொழில்’ என்னும் கட்டமும் வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவிடுகிறார். என்ன செய்வது? எல்லாப் பக்கங்களையும் இப்போதே திருத்துவதா? தேவைப்படும் பக்கத்தை மட்டும் அவ்வப்போது திருத்துவதா? பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பேரேடு தொடங்குவதா? கணிப்பொறித் தரவுத்தளங்களிலும் இதே கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடிய வரலாற்றை இங்கே காண்போம்.

தரவுத்தளத்தில் எந்தெந்தச் செய்திகள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் திட்டத்துக்கு ‘ஸ்கீமா’ என்று பெயர். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகக் கருதும் கொள்கையை வெளியிட்டார். சேமிக்கும் முறை மாறினாலும் நிரல்கள் பாதிக்கப்படக் கூடாது என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. வங்கிக் கணக்குக்கும் சம்பளப் பட்டியலுக்கும் அட்டவணை நன்கு பொருந்தியது.

ஆனால், விமானத்தையோ மின்சுற்றையோ வடிவமைக்கும் பொறியாளர்களின் தேவை வேறு. அங்கே ஓர் உறுப்புக்குள் பல உறுப்புகள், அவற்றுக்குள் இன்னும் பல. இவற்றை அட்டவணைகளாகப் பிரித்து எழுதுவது எளிதன்று. நார்வே நாட்டின் ஓலே யோஹான் டால், கிரிஸ்டன் நைகார்ட் ஆகியோர் 1960களில் படைத்த சிமுலா மொழியிலிருந்து வளர்ந்த ‘பொருள் நோக்கு’ முறை இதற்கு ஏற்றதாகத் தோன்றியது. இம்முறையில் ‘வாகனம்’ ஒரு வகுப்பு. ‘லாரி’ அதன் கிளை வகுப்பு. தாய் வகுப்பின் பண்புகளைக் கிளை வகுப்பு மரபுரிமையாகப் பெறுகிறது. 1980களில் இம்முறையில் தரவுத்தளங்கள் அமைக்கும் முயற்சிகள் தொடங்கின.

சிக்கல் இங்கேதான் முற்றியது. வடிவமைப்பு என்றாலே மாற்றம்தான். ‘வாகனம்’ வகுப்பில் ஒரு பண்பைச் சேர்த்தால் லாரி, கார், பேருந்து என்று எல்லாக் கிளைகளும் மாறுகின்றன. ஏற்கெனவே சேமித்த ஆயிரக்கணக்கான பொருள்களோ பழைய வடிவிலேயே கிடக்கின்றன. பழைய நிரலுக்குப் புதிய பொருள் புரியாது. புதிய நிரலுக்குப் பழைய பொருள் புரியாது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த தகவல் பயனற்றுப் போகலாம் அன்றோ!

மூன்று விடைகள்

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா ஸ்காரா, ஸ்டான்லி ஸ்டோனிக் ஆகிய இருவரும் 1986-இல் ஒரு வழி கூறினர். வகுப்பின் ஒவ்வொரு பதிப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒரு பதிப்புக்கு எழுதிய நிரல் வேறு பதிப்பின் பொருளைச் சந்தித்தால், இடையிலுள்ள வேறுபாட்டைச் சிறு துணை நிரல்கள் சமாளிக்கும். பேரேட்டு உவமையில் இது மூன்றாவது வழி.

ஜெம்ஸ்டோன் என்னும் தரவுத்தளத்தை அமைத்தவர்கள் முதல் வழியைத் தேர்ந்தனர். வகுப்பு மாறியதும் அதன் பொருள்கள் அனைத்தும் புதிய வடிவுக்கு மாற்றப்படும். பிறகு குழப்பமில்லை; ஆனால் பொருள்கள் மிகுதியானால் மாற்றி முடிக்க நேரமாகும்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், எம்.சி.சி. என்னும் கூட்டு ஆய்வு நிறுவனத்தில் உருவான ஓரியன் இரண்டாவது வழிக்கு நெருக்கமானது. வட்டிலுள்ள பழைய பொருளை அது தொடுவதில்லை. பொருளைப் படித்து எடுக்கும்போது, நீக்கிய பண்பை மறைத்து, சேர்த்த பண்புக்கு இயல்பு மதிப்பை இட்டுக் காட்டும். மாற்றம் நொடியில் முடிகிறது; விலையை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சிறிது சிறிதாகக் கொடுக்கிறோம்.

ஜெய் பானர்ஜி, வான் கிம், ஹ்யூங்-ஜூ கிம், ஹென்றி கார்த் ஆகிய நால்வரும் ஓரியன் பற்றி 1987-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். எவற்றை மாற்றலாம் என்று கேட்குமுன், எவை மாறவே கூடாது என்று அவர்கள் கேட்டனர். ஐந்து மாறா நியதிகளை வகுத்தனர். எந்த வகுப்பும் தனக்கே மூதாதையாகக் கூடாது. ஒரு வகுப்பில் ஒரே பெயரில் இரு பண்புகள் இருக்கக் கூடாது என்பன போன்றவை அவை. இவற்றைக் காக்க வழிகள் பல இருக்கும்போது எதைத் தேர்வது என்று சொல்ல 12 விதிகளையும் தந்தனர். சான்றாக, இரு தாய் வகுப்புகளிலிருந்து ஒரே பெயருள்ள பண்புகள் வந்தால், வரிசையில் முந்திய தாயின் பண்பே நிலைக்கும்.

தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்து

தள்ளிப்போடும் வழியிலும் ஒரு கண்ணி உண்டு. உற்பத்தியாளரின் நாட்டைப் பார்த்து, வாகனத்துக்கு ‘சுங்கவரி’ என்னும் பண்பைக் கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து உற்பத்தியாளரிடமிருந்து ‘நாடு’ என்னும் பண்பு நீக்கப்படுகிறது. அதுவரை யாரும் தொடாத ஒரு வாகனத்தை அதன்பின் எடுத்தால், வரியை எப்படிக் கணக்கிடுவது? பிரான்சில் உருவான ஓ-2 தரவுத்தளத்தை ஆராய்ந்தவர்கள் 1990களில் இதற்கு விடை கண்டனர். நீக்கிய பண்பை உடனே அழிக்காமல், பயனாளர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே காத்து வைப்பதே அது.

பொருள் நோக்குத் தரவுத்தளங்கள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. அவற்றுக்குத் தரம் வகுக்க 1991-இல் தோன்றிய ஓ.டி.எம்.ஜி. என்னும் குழு 2001-இல் கலைந்தது. அட்டவணைத் தரவுத்தளங்களே நிலைத்தன. ஆயினும் அந்த ஆய்வுகள் எழுப்பிய கேள்வி மறையவில்லை. 2018-இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் 11-ஆம் பதிப்பைப் பாருங்கள். அதற்குமுன், இயல்பு மதிப்புடன் ஒரு புதிய கட்டத்தைச் சேர்த்தால் அட்டவணை முழுவதையும் திருப்பி எழுத வேண்டியிருந்தது. 11-ஆம் பதிப்பிலோ, நிலையான மதிப்பாக இருந்தால் அதை ஓரிடத்தில் குறித்துவைத்து, பழைய வரிகளைப் படிக்கும்போது இட்டுக் காட்டினால் போதும். 31 ஆண்டுகளுக்குமுன் ஓரியன் கையாண்ட உத்தியும் இதுவே.

நிரல்கள் சில ஆண்டுகளில் பழசாகின்றன. தரவுகளோ அவற்றைவிட நெடுங்காலம் வாழ்கின்றன. ஆகவே, புதிய தரவுத்தளம் ஒன்றை வடிவமைக்கும் மாணவர் இன்றைய தேவையோடு நின்றுவிடக் கூடாது. நாளை இது மாறும்போது இன்றைய பதிவுகள் என்னவாகும் என்பதையும் முதல் நாளிலேயே எண்ணிப் பார்ப்பது நலம்.