விடையில்லாக் கணக்கும் அறியாவினாவும்

தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் தாமே உருவாக்கும் கணக்குகளை மதிப்பிடும் ஆய்வுகளில் ஒரு சல்லடை நிலைபெற்றுவிட்டது. தந்திருக்கும் விவரங்களைக் கொண்டு விடை காண முடிந்தால் அது கணக்கு. முடியாவிட்டால் 'விவரக் குறை' என்று ஒதுக்கப்படும். இந்தச் சல்லடை குழந்தை எழுதிய வாக்கியத்தை மட்டுமே சலிக்கிறது, கேட்ட நோக்கம் அதில் சிக்குவதே இல்லை என்பது என் வாதம். அதற்கு மாற்றுத்தரப்பினர் விரும்பி எடுத்தாளும் சான்றையே எடுத்துக்கொள்கிறேன்.

1980-இல் வெளிவந்த கிரெனோபிள் சோதனை அது. கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன என்று ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட பிரெஞ்சுக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களைக் கொண்டே ஒரு வயதைச் சொன்னார்கள். குழந்தைகள் பொருளைப் பாராமல் எண்களைப் பிசைகிறார்கள், அவர்களையே கணக்கு உருவாக்கச் சொன்னால் இந்தக் குறை நீங்கும் என்பது வழக்கமான வாசிப்பு.

முதற்பாதியே ஐயத்துக்குரியது. 26-உம் 10-உம் 36. கப்பல் தலைவனுக்குப் பொருந்தாத வயதன்று. இதைக் கொண்டு மட்டும் குழந்தைகள் அப்படி எண்ணினார்கள் என்று நிறுவ இயலாதுதான். ஆனால் பின்னர் பரவலாகப் பேசப்பட்ட, மேய்ப்பனின் வயதைக் கேட்கும் கணக்கில், 125 ஆடுகளையும் 5 நாய்களையும் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் யோசித்த வழி பதிவாகியுள்ளது. கூட்டினால் 130, கழித்தால் 120, இரண்டும் மனித வயதுக்கு மிகை. வகுத்தால் 25, அது ஒத்துவருகிறது. உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து விடையைத் தேர்ந்தவரைப் பொருளுணராதவர் என்பது எப்படி? வகுப்பறையில் கேட்கப்படும் கணக்குக்கு விடை உண்டு என்று நம்பியதே அவர் செய்த தவறு. அந்த நம்பிக்கையை ஊட்டியது நாம்.

இரண்டாம் பாதிக்கு வருவோம். கப்பல் கணக்கை உருவாக்கியவர்கள் ஆய்வாளர்கள். அதே கணக்கை ஒரு குழந்தை எழுதித் தந்திருந்தால் சல்லடை அதை விவரக் குறை என்று தள்ளியிருக்கும். எழுத்தில் வேறுபாடில்லை, வேறுபாடு கேட்டவரிடம் இருக்கிறது.

கேட்பவரை வைத்து வினாவைப் பிரிக்கும் முறை நமக்குப் புதிதன்று. நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. பாடலின் பொருள் யாது என்று ஆசிரியர் மாணவரைக் கேட்டால் அறிவினா, மாணவர் ஆசிரியரைக் கேட்டால் அறியாவினா. இலக்கணத்தைக் கணிதக் கல்விக்குள் இழுக்கலாமா என்பாருக்கு, பயன்படும் கருவி எந்தக் கொட்டிலில் இருந்தது என்பது எனக்குப் பொருட்டல்ல என்றே சொல்வேன்.

பாடநூலின் வாக்கியக் கணக்குகள் அனைத்தும் அறிவினா. குழந்தைகளைக் கணக்கு உருவாக்கச் சொன்னதும் முதலில் வருவது அவற்றின் நகல்: ஒருவரிடம் 12 மாம்பழம், 8 கொடுத்துவிட்டார், மீதி எவ்வளவு? சல்லடை இதை மகிழ்ந்து ஏற்கும். அந்தக் குழந்தையே "எங்கள் தெருவில் 14 நாய்கள் இருக்கின்றன, இரவில் எத்தனை குரைக்கும்?" என்று எழுதுவதாகக் கொள்வோம். விவரம் போதாது. குழந்தைக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே, உண்மையாகவே அறிய விரும்பியும் கேட்டிருக்கலாம். முன்னதாயின் பிழை. பின்னதாயின் அது ஓர் அறியாவினா; எண்ணிப் பார்த்து விவரம் திரட்டத் தூண்டுவது. 2005-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் கணக்கைத் தீர்ப்பதோடு பொருளுள்ள கணக்கை எழுப்புவதையும் சேர்த்து வைத்தது. நாய்க் கணக்கைத் தள்ளிவிட்டு மாம்பழக் கணக்கை ஏற்கும் மதிப்பீடு அந்த நோக்கத்துக்கு எதிர்த்திசையில் செல்கிறது.

எல்லா விவரக் குறையையும் ஆர்வமாகப் பார்ப்பது மிகை என்பது நியாயமான மறுப்பே. கவனக்குறைவால் விடுபட்டவையே பெரும்பான்மையாகவும் இருக்கக்கூடும். ஆனால் தாளை மட்டும் வைத்து அதையும் சொல்ல முடியாது. கணக்கோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் போதும்: இதன் விடை உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பாய்? எழுதச் சிரமப்படும் சிறுவர் வாயால் சொல்லலாம். வகுப்பில் நேரமில்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லத்தக்க காரணமன்று. இவ்விரு விடைகளும் இல்லாத தரவில் 'விவரக் குறை' என்ற தலைப்பின்கீழ் வரும் விழுக்காட்டைக் குழந்தைகளின் திறனுக்கு அளவாகக் கொள்வதற்கில்லை.