ஹேல் குடும்ப இல்லம்

ஹேல் குடும்ப இல்லம், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கயஹோகா ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாத் பகுதியில், ஒகையோ–ஈரி கால்வாய்க்கு அருகே உள்ள முன்னோடிக் குடியேறிகளின் பண்ணை வீடு. 1810-இல் மரக்கட்டை வீட்டில் தொடங்கிய குடும்ப வாழ்க்கை, கால்வாய் வெட்டப்பட்ட ஆண்டுகளில் செங்கல் வீட்டுக்கு மாறியது.

குடியேற்றம்

கயஹோகாவுக்கு மேற்கே இருந்த இந்நிலத்தைப் பூர்வகுடிகளிடமிருந்து 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கை மூலம் அமெரிக்க அரசு பெற்றது. ஐந்தாண்டு கழித்து, கனெக்டிகட் மாநிலத்தின் கிளாஸ்டன்பரியைச் சேர்ந்த ஜொனாதன் ஹேல் (1777–1854) தாம் வாங்கியிருந்த 500 ஏக்கரைத் தேடி வந்தார். அங்கே வேறொருவர் காட்டைத் திருத்திக் குடிசை போட்டிருந்தார். ஹேல் அவரை வெறுங்கையோடு விரட்டவில்லை. அவருடைய உழைப்புக்கு ஈடாகத் தம் குதிரையையும் வண்டியையும் கொடுத்தார். மனைவி மெர்சியோடும் பிள்ளைகளோடும் சுமார் 15 ஆண்டுகள் அவர் மரக்கட்டை வீட்டில் வாழ்ந்தார்.

அக்காலக் குடியேறிகளுக்கு வயலுக்காக வெட்டிய மரமே சுவரும் ஆனது. கட்டைகளின் முனைகளைச் செதுக்கி, மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்வ வைத்து அடுக்கினர். இடுக்குகளைக் களிமண்ணால் பூசினர். விளைச்சல் மிகுந்தாலும், கரடுமுரடான பாதைகளில் அதைத் தொலைவுச் சந்தைக்குக் கொண்டுபோகக் கட்டுப்படியாகவில்லை.

கால்வாய்

அந்த முடக்கத்தைக் கால்வாய் உடைத்தது. வெட்டும் பணி 1825 ஜூலை 4 அன்று தொடங்கியது. நீர்மட்டத்தில் 40 அடி அகலமும் 4 அடி ஆழமும் கொண்ட வாய்க்காலைத் தொழிலாளர் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் தோண்டினர்; மலேரியாவால் பலர் மடிந்தனர். 1827 ஜூலையில் ஆக்ரனிலிருந்து கிளீவ்லாந்துக்குப் படகு ஓடியது. பள்ளத்தாக்கின் கோதுமை ஈரி ஏரி வழியாக நியூயார்க் சந்தையை எட்டியது. 1832-இல் கால்வாய் ஒகையோ ஆறுவரை 308 மைல் நீண்டது.

கால்வாய் வெட்டப்பட்ட அதே ஆண்டுகளில், பண்ணையிலேயே சுட்ட செங்கற்களால் ஹேல் மூன்று மாடி வீட்டைக் கட்டினார்.

பிற்காலம்

1880-இல் பள்ளத்தாக்கில் ரயில் ஓடத் தொடங்கியதும் படகுப் போக்குவரத்து நலிந்தது. 1913 மார்ச் வெள்ளம் கால்வாயைச் சிதைத்தது. வீடோ குடும்பத்தின் கையிலேயே நீடித்தது. ஜொனாதனின் கொள்ளுப்பேத்தி கிளாரா பெல் ரிச்சி, பண்ணையை வெஸ்டர்ன் ரிசர்வ் வரலாற்றுக் கழகத்துக்கு உயில் எழுதிவைத்து 1956-இல் மறைந்தார். 1958-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று கயஹோகா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் உள்ளது. நிலம் தலைமுறைகளாக ஒரே குடும்பத்திடம் இருந்ததால்தான், காடு வயலாகி, வயல் சந்தையோடு இணைந்த வரலாற்றை இங்கு ஒரே இடத்தில் காண முடிகிறது.