நன்னன் நாட்டு விருந்து: தேறலும் அதற்கேற்ற உணவும்

திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கம், சங்க காலத்தில் செங்கண்மா என்ற பெயருடன், பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னனின் தலைநகராக விளங்கியது. அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் ஒன்று. 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையுற்ற மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தது. 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின் இந்நூலை இலக்கியமாகவும் நிலவியல் சான்றாகவும் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எந்த நிலத்தில், எந்தப் பொழுதில், எந்த மதுவுடன் எந்த உணவு கிடைக்கும் என்று முறையாகக் கூறும் விருந்துக் கையேடாகவும் இது அமைந்திருப்பது அதே அளவுக்குப் போற்றத்தக்கது.

வழிச்செல்லும் கூத்தர் முதலில் தங்குவது மலைச் சிற்றூர்களில். அங்கே நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றையடுத்து, தேனால் ஆக்கி மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறல், அதாவது தெளிந்த கள், குறைவின்றி வழங்கப்படுகிறது. மறுநாள் விடியலில் அந்த மயக்கம் தெளிவதற்கென்றே குறமகள் ஒருத்தி சமைக்கும் உணவைப் புலவர் தனியே விரித்துரைப்பது இந்நூலின் மிக அரிய பகுதிகளுள் ஒன்றாகும். அருவி அடித்துவந்த பலாப்பழத்தின் வெண்மையான விதைகள், கடமானின் கொழுத்த தசை, முள்ளம்பன்றியின் நிணம் நிறைந்த துண்டுகள், பெண் நாய் பிடித்துவந்த உடும்பின் இறைச்சி ஆகியவற்றுடன் இனிய புளியும் மோரும் உலைநீராகச் சேர, அதில் மூங்கில் நெல்லின் அரிசி சாரலெங்கும் மணக்கும்படி துழாவி ஆக்கப்படுகிறது. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் புளிப்பு மிகுந்த வைனைத் தேர்ந்துகொள்ளுமாறு ஐரோப்பிய மரபு பரிந்துரைக்கும். இங்கோ இனிப்பும் கடுமையும் கொண்ட தேறல் முந்தைய இரவுக்கு உரியதாக, கொழுப்பை முறிக்கும் புளிப்பு மறுநாள் காலையின் சோற்றுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. நாவின் சுவையோடு உண்பவரின் உடல்நிலையையும் கருதிய சமையல் இது.

மலையிலிருந்து இறங்கினால் மதுவும் மாறுகிறது, உணவும் மாறுகிறது. இடையர் குடியிருப்புகளில் பாலும் மிதவை என்னும் கூழும் கிடைக்கின்றன. கொல்லை நிலக் குடிசைகளில் அவரையிட்ட புளிங்கூழ் கிடைக்கிறது. சேயாற்றங்கரை வயல்களை அடையும்போது, வலையில் சிக்கிய வாளையும் தூண்டிலில் அகப்பட்ட வராலும் துண்டுகளாகி, வெண்சோற்றோடு பரிமாறப்படுகின்றன. அவற்றுக்குத் துணையாக, முளைவிட்ட நெல்லால் ஆக்கிய தேறல், இளவெயில் பரவும் நேரத்தில் நெற்களங்கள்தோறும் வார்க்கப்படுகிறது.

இத்தகைய நெற்கள் ஆக்கப்பட்ட முறையை, நன்னன் நாடு அடங்கிய தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை தெளிவாகத் தருகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைதானியத்தின் மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, பின்னர் விரலால் அலைத்துப் பிழிவர். தானியம் முளைக்கும்போது தோன்றும் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்க, அச்சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மதுவாக்குகிறது. பார்லியிலிருந்து பீர் வடிக்கும் தொழிலின் அடிப்படையும் இதுவே. இந்த நறும்பிழிக்குத் துணையாக அந்நூல் சொல்வது சுட்ட மீன்.

திராட்சை மதுவைத் தமிழகம் அறியாமல் இருந்ததில்லை. யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் பருகி மகிழ்க என நக்கீரரின் புறநானூற்றுப் பாடல் வாழ்த்துகிறது. திருவண்ணாமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ஆம்போரா எனப்படும் இரு கைப்பிடிச் சாடிகளின் உடைசல்களை வெளிக்கொணர்ந்தது. அவற்றுள் பல மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மது ஏற்றிவந்தவை. எனினும் நன்னன் நாட்டு விருந்தில் இந்த இறக்குமதி மதுவுக்கு இடமில்லை. மலைத்தேனும் வயல்நெல்லுமே அங்கே கலத்தை நிரப்பின. விருந்தோம்பலின் உயர்வு பொருளின் அருமையில் அமையாமல், அந்தந்த நிலத்தார் தம்மிடமுள்ளதைத் தடையின்றித் தந்ததில் அமைந்தது என்றே இந்நூலைப் பயில்வோர் கொள்ள வேண்டும்.

மதுவுக்கு இறந்தோர் வழிபாட்டிலும் பங்கிருந்தது. குறுநில மன்னன் அதியமானின் நடுகல்லுக்குச் சிறுகலத்தில் கள் வார்க்கப்பட்டதை ஔவையார் பாடியுள்ளார். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பலவற்றில் வீரனின் அருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருப்பதை அம்மரபோடு சேர்த்து எண்ணுவது பொருத்தமாகும்.

இந்த மது மரபு பிற்காலத்தில் சட்டத்தடையைச் சந்தித்தது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அவ்விலக்கு பிற்காலத்தில் தளர்ந்து ஆலைமதுக் கடைகள் பெருகினாலும், கள்ளுக்கு 1987 முதல் மீண்டும் தடை நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு தேறலின் தொடர்ச்சி அற்றுப்போயிற்று. அதற்குத் துணையாயிருந்த உணவுப்பொருள்களின் தொடர்ச்சி முற்றிலும் அறுபடவில்லை. செங்கத்துக்கு வடக்கேயுள்ள சவ்வாது மலையில் மலைவாழ் மக்கள் சாமை விளைவித்தும், தேனும் புளியும் சேகரித்தும் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர்.