ஸ்பிதாக் நிலநடுக்கம், 1988

ஸ்பிதாக் நிலநடுக்கம் 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவின் வட பகுதியைத் தாக்கியது. ஆர்மீனியா அப்போது சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகளுள் ஒன்று. உள்ளூர் நேரம் முற்பகல் 11:41க்கு ஏற்பட்ட முதல் அதிர்வு மேற்பரப்பு அலை அளவில் 6.8ஆகப் பதிவாயிற்று. ஏறக்குறைய நான்கு நிமிடம் கழித்து 5.8 அளவில் இன்னோர் அதிர்வு வந்து, முதல் அதிர்வில் விரிசலோடு நின்றிருந்த கட்டடங்களையும் சாய்த்தது. அரசுக் கணக்கின்படி 25,000 பேர் இறந்தனர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். மையத்துக்கு மிக அருகில் இருந்த ஸ்பிதாக் என்ற சிறுநகரம் ஏறத்தாழ முழுவதும் தரைமட்டமானது. நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான லெனினகன் (இன்றைய கியும்ரி), கிரோவகன் (இன்றைய வனட்சோர்) ஆகியவையும் சுற்றிலும் இருந்த பல சிற்றூர்களும் பேரழிவுக்கு உள்ளாயின.

இருபதாம் நூற்றாண்டில் இதைவிட வலுவான நிலநடுக்கங்கள் பல நிகழ்ந்துள்ளன. ஆயினும் இந்த அளவு அதிர்வுக்கு இத்தனை பேர் மாண்டது ஏன் என்ற கேள்வி இதைத் தனித்துக் காட்டுகிறது. ஆர்மீனியர்கள் இதை நினைவுகூரும் முறையும் தனியானது. இறந்தவர்களோடு சேர்த்து, உதவிக்கு வந்தவர்களையும் அவர்கள் ஒரே மூச்சில் நினைக்கிறார்கள்.

நிலமும் கட்டடங்களும்

அரேபியப் பாறைத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து யூரேசியத் தட்டை நெருக்கும் வழியில் ஆர்மீனிய மலைநாடு உள்ளது. அந்த நெருக்கத்தில் ஸ்பிதாக் அருகே ஆழம் குறைந்த ஒரு பிளவுத்தளத்தில் ஒரு பாறைப்பகுதி இன்னொன்றின் மேல் ஏறியது. அதன் விரிசல் நிலத்தின் மேற்பரப்பிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. இப்பகுதிக்கு நடுக்கம் புதிதல்ல. 1926 அக்டோபரிலும் லெனினகன் பகுதி பெரும் சேதம் கண்டது. அந்த நினைவு இருந்தும் நகரம் வளர்ந்தபோது அதைக் கருத்தில் கொள்ளவில்லை.

கிரோவகன் அதிர்வு மையத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. லெனினகன் 32 கிலோமீட்டர் அளவில் இன்னும் தள்ளி இருந்தது. ஆனால் அழிவு லெனினகனில்தான் அதிகம். கிரோவகனின் பெரும்பகுதி கெட்டியான தரையில் நின்றது. லெனினகனோ பழைய ஏரிப்படுகையின் பல நூறு மீட்டர் தடித்த வண்டலின் மேல் கட்டப்பட்ட ஊர். மென்மையான அந்த வண்டல் அதிர்வைப் பெருக்கியது. அதுவும் ஒன்பது மாடிக் கட்டடங்கள் ஆடக்கூடிய அதே தாளத்தில் பெருக்கியது.

அந்த ஒன்பது மாடி வீடுகள் தொழிற்சாலையில் வார்த்த தூண்களையும் உத்தரங்களையும் கொண்டுவந்து தளத்தில் பொருத்திக் கட்டியவை. பொருத்திய மூட்டுகள் வலுவற்றவை. தளப்பலகைகள் ஒன்றோடொன்று உறுதியாகப் பிணைக்கப்படவில்லை. மூட்டு விட்டதும் மேல் தளம் கீழ்த் தளத்தின் மேல் விழுந்து, அது அடுத்ததன் மேல் விழுந்து, கட்டடம் முழுவதும் பலகை அடுக்காகச் சரிந்தது. உள்ளே மூச்சுவிட இடைவெளிகூட மிஞ்சவில்லை. அதே ஊரில், அதே மண்ணில், சுவர் முழுவதையும் பெரிய கான்கிரீட் பலகைகளால் அமைத்த அடுக்குமாடிகள் பெரும் சேதமின்றி நின்றன. சிமெண்ட் குறைத்து மணல் கூட்டிய கலவை பற்றிய குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. இப்பகுதிக்கு நில அதிர்வு வரைபடம் விதித்திருந்த தாங்குதிறனும் உண்மையில் வந்த அதிர்வைவிடக் குறைவு. நில அதிர்வு இயற்கையின் செயல்தான். ஆனால் பெரும்பாலான சாவுகளுக்குக் கட்டடங்களே காரணம். இதைச் சொல்லாமல் இந்த நிலநடுக்கத்தை நினைவுகூர்வது அரைகுறை நினைவுகூரல்.

அது வேலைநாள், பள்ளிகளில் வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். பிள்ளைகள் வகுப்பறையிலும் தொழிலாளர்கள் ஆலைகளிலும் இருந்தனர். மருத்துவமனைகளும் இடிந்ததால் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்ய வேண்டியவர்களில் பலர் இடிபாட்டுக்குள் கிடந்தனர். லெனினகனின் மையச் சதுக்கத்தில் இருந்த கடிகாரம் 11:41இல் நின்றுபோனது. அந்தப் படம் பின்னர் இந்தப் பேரிடரின் அடையாளமாயிற்று.

உதவிக்கு வந்தவர்கள்

முதலில் தோண்டியவர்கள் அக்கம்பக்கத்தார். கையாலும் கடப்பாரையாலும் தோண்டினார்கள். பாரந்தூக்கிகள் வந்து சேரத் தாமதமாயிற்று. டிசம்பர் மாத மலைக்குளிர் இரவில் உறைநிலைக்குக் கீழே போனது. எந்திரங்கள் வந்த பின்னும், குறிப்பிட்ட நேரத்தில் அவற்றையெல்லாம் நிறுத்திவிட்டு, பேச்சையும் நிறுத்தி, இடிபாட்டுக்குள்ளிருந்து ஏதாவது குரலோ தட்டலோ கேட்கிறதா என்று காதுகொடுத்தார்கள்.

அன்று சோவியத் தலைவர் மிகயீல் கொர்பச்சேவ் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் உரையாற்றச் சென்றிருந்தார். பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பி, நிலநடுக்கப் பகுதிக்கு வந்தார். டிசம்பர் 10 ஒன்றியம் முழுவதும் துக்க நாளாக அறிவிக்கப்பட்டது. பிரதமர் நிக்கலாய் ரிழ்கோவ் மீட்புப் பணிக் குழுவுக்குத் தலைமை ஏற்று அங்கேயே தங்கினார். ஆர்மீனியா தனிநாடான பின், 2008இல், தன் மிக உயர்ந்த பட்டமான தேசிய வீரர் பட்டத்தை அவருக்கு அளித்தது.

பனிப்போர் முடியாத காலம் அது. சோவியத் அரசு தன் கதவைத் திறந்து வெளிநாட்டு உதவியைக் கேட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க உதவியை அது பெரிய அளவில் ஏற்றது அதுவே முதல் முறை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உதவின. பிரெஞ்சு மீட்பாளர்கள் பயிற்சி பெற்ற நாய்களோடு வந்தார்கள். சோவியத் குடியரசுகளிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள், மருத்துவர்கள், கட்டடத் தொழிலாளர்கள், மாணவர்கள் வந்தார்கள். அன்னை தெரசா டிசம்பரிலேயே வந்தார். அவருடைய சபைச் சகோதரிகளின் இல்லம் ஸ்பிதாக்கில் தொடர்ந்து இயங்கியது.

உதவ வந்தவர்களும் உயிரிழந்தார்கள். டிசம்பர் 11 அன்று அஜர்பைஜானிலிருந்து மீட்புப் பணிக்காகப் படைவீரர்களை ஏற்றிவந்த இல்யூஷின்-76 விமானம் லெனினகன் அருகே விழுந்தது. அதில் இருந்த 78 பேரில் ஒருவர் மட்டுமே உயிர்பிழைத்தார். கரபாக் பகுதி யாருக்குச் சொந்தம் என்ற பிரச்சினையில் ஆர்மீனியரும் அஜர்பைஜானியரும் மோதத் தொடங்கி, இரு பக்கத்திலும் அகதிகள் பெயர்ந்துகொண்டிருந்த மாதங்களிலும் அந்த உதவி வந்தது. மறுநாள் மருந்து கொண்டுவந்த யுகோஸ்லாவிய விமானம் தலைநகர் எரவான் அருகே விழுந்தது. அதன் ஊழியர் ஏழு பேரும் இறந்தனர். இந்த இரண்டு விபத்துகளில் மாண்டோரையும் நிலநடுக்கத்துக்குப் பலியானவர்களாகவே ஆர்மீனியர் கருதுகிறார்கள். அது சரியான கணக்கு.

மருத்துவம் கற்ற பாடம்

இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பலர், வெளியே வந்து சில மணி நேரம், சில நாள் கழித்து இறந்தார்கள். மீட்பாளரை மிகவும் மனம் உடையச் செய்தது இதுதான். கை காலின் மேல் பல மணி நேரம் பாரம் கிடந்தால் தசை நசுங்கிச் சிதைகிறது. பாரத்தை நீக்கியதும் அந்தச் சிதைவிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் ஒரேயடியாக இரத்தத்தில் கலக்கின்றன. பொட்டாசியம் இதயத் துடிப்பை நிறுத்தக்கூடும். மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்கிறது. நசுங்கல் நோய்க்குறி எனப்படும் இது இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக் காலத்திலேயே விவரிக்கப்பட்டது. ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும் நிலைக்கு எந்த நாடும் ஆயத்தமாக இல்லை.

பல நாடுகளிலிருந்து சுத்திகரிப்பு எந்திரங்களும் சிறுநீரக மருத்துவர்களும் ஆர்மீனியாவுக்கு விரைந்தனர். எந்திரம் வந்த இடத்தில் அதற்குரிய உதிரியும் மின்இணைப்பும் தண்ணீரும் ஒத்துப்போகாமல் தடுமாற்றம் ஏற்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து, பேரிடர்களில் சிறுநீரக மருத்துவத்தை ஒருங்கிணைக்கும் பன்னாட்டுக் குழு ஒன்றைப் பன்னாட்டுச் சிறுநீரகவியல் கழகம் அமைத்தது. 1999இல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் அந்தக் குழுவின் ஆயத்தம் பயன்பட்டது. பாரத்தை அகற்றுவதற்கு முன்பே சிரைவழி உப்புநீர் ஏற்றத் தொடங்க வேண்டும் என்பது இன்று மீட்பாளர்கள் மனப்பாடமாக அறிந்த விதி.

இதே போலத் தேடல், மீட்புக் குழுக்களைப் பன்னாட்டளவில் ஒருங்கிணைக்க ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் 1991இல் ஏற்பட்ட ஆலோசனைக் குழுவுக்கும் 1985 மெக்சிகோ, 1988 ஆர்மீனியா ஆகிய இரு நிலநடுக்கங்களில் பட்ட பாடே அடிப்படை.

பாட்டும் பணமும்

புலம்பெயர்ந்த ஆர்மீனியரின் பங்கு தனியே சொல்லத்தக்கது. பாரிசில் பிறந்த ஆர்மீனியப் பாடகர் ஷார்ல் அஸ்னவூர், எண்பதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கலைஞர்களைத் திரட்டி 1989இல் வெளியிட்ட பாடல் பிரான்சில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அதன் வருவாய் நிவாரணத்துக்குச் சென்றது. கியும்ரியில் அவர் பெயரில் சதுக்கமும், அவர் உயிரோடு இருந்தபோதே அமைத்த சிலையும் உண்டு. அமெரிக்கத் தொழிலதிபர் கிர்க் கெர்கோரியன் நிலநடுக்கத்தை அடுத்து நிறுவிய லின்சி அறக்கட்டளை, பல ஆண்டுகள் கழித்தும் இப்பகுதியில் வீடுகள் கட்டப் பணம் தந்தது.

இங்கிலாந்தில் டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன், பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி உள்ளிட்ட ராக் இசைக் கலைஞர்கள் கூடிப் பாடிப் பதிவுசெய்து நிதி திரட்டினார்கள். கில்லனும் ஐயோமியும் இருபது ஆண்டு கழித்து ஆர்மீனியா வந்து, கியும்ரியின் இசைப் பள்ளிக்கு ஒழுங்கான கட்டடம் இல்லாததைக் கண்டு, மீண்டும் இசைத்தட்டு வெளியிட்டுப் பணம் சேர்த்தனர். பள்ளி 2013இல் திறக்கப்பட்டது.

மறுகட்டுமானம்

இரண்டே ஆண்டுகளில் எல்லாவற்றையும் கட்டிமுடிப்போம் என்று மாஸ்கோ வாக்களித்தது. பல குடியரசுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் தத்தம் பங்குக்குக் குடியிருப்புகளை எழுப்பத் தொடங்கினார்கள். 1991இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. பணி பாதியில் நின்றது. நிலநடுக்கத்தில் சேதமுறாத மெட்சமோர் அணுமின் நிலையத்தை அச்சம் காரணமாக 1989இல் மூடியிருந்தார்கள். கரபாக் போரும் எல்லை அடைப்பும் சேர்ந்துகொள்ள, 1990களின் தொடக்கத்தில் நாடே விளக்கும் அடுப்புமின்றிக் குளிரில் நடுங்கியது. 1995இல்தான் அணுமின் நிலையத்தின் ஓர் உலை மீண்டும் இயங்கியது.

தற்காலிகமாகத் தங்க வந்த தகரக் கொட்டகைகளையும் சரக்குப் பெட்டிகளையும் மக்கள் ‘தோமிக்’ என்ற ரஷ்யச் சொல்லால் குறித்தார்கள்; சின்ன வீடு என்று பொருள். முப்பது ஆண்டு கடந்த பின்னும் கியும்ரியில் தோமிக்குகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. அங்கே பிறந்து, அங்கே மணமுடித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு.

நினைவிடங்கள்

டிசம்பர் 7 ஆர்மீனியாவில் நிலநடுக்கத்தில் மாண்டோரின் நினைவு நாள். கியும்ரியின் மையத்தில், 2008 டிசம்பர் 7 அன்று, இருபதாம் ஆண்டு நினைவாகச் சிற்பி பிரித் சொகோயான் வடித்த சின்னம் திறக்கப்பட்டது. இடிந்த கற்பாளங்களுக்கிடையே மனித உருவங்கள் நெருக்குண்டு கிடக்கின்றன. அதன் பெயரைத் தமிழில் ‘மாசற்ற பலிகளுக்கு, இரக்கமுள்ள நெஞ்சங்களுக்கு’ என்று சொல்லலாம். மூலமொழியிலும் இரு தொடரும் நான்காம் வேற்றுமையில்தான் உள்ளன. ஒரே கல்லை மாண்டவர்களுக்கும் கைகொடுத்தவர்களுக்கும் சேர்த்துப் படைத்திருக்கிறார்கள். உலகின் பேரிடர் நினைவுச் சின்னங்களில் இப்படிப் பெயர் கொண்டது அரிது.

அருகிலுள்ள தேவமாதா ஆலயத்தின் முற்றத்தில், அன்று மேலிருந்து விழுந்த சிறு கூம்புமாடங்களை அப்புறப்படுத்தாமல் தரையிலேயே வைத்திருக்கிறார்கள். ஸ்பிதாக்கின் இடுகாட்டில், அந்தக் குளிர்காலத்தில் ஓயாமல் நடந்த இறுதிச் சடங்குகளுக்காகத் தகட்டால் எழுப்பிய சிறு தேவாலயம் இருக்கிறது.

கல்லில் செதுக்காத நினைவுகள் இன்னும் பல. ஸ்பிதாக்கில் நார்வே கட்டிக்கொடுத்த மருத்துவமனை, ஆர்மீனிய அகதிகளுக்காக முன்பே உழைத்த பிரித்யோப் நான்சனின் பெயரைத் தாங்குகிறது. அதே ஊரில் இத்தாலியக் குடியிருப்பு, சுவிஸ் குடியிருப்பு என்று கட்டித்தந்த நாட்டின் பெயராலேயே வழங்கும் பகுதிகள் உள்ளன. கியும்ரியில் ஆஸ்திரிய மருத்துவமனை உண்டு. 1990 ஜூனில் பிரிட்டனின் பிரதமர் மார்கரெட் தாட்சர் நேரில் வந்து திறந்த பள்ளிக்கு, வெனிஸ் நகரத் தீவு மடத்தில் ஆர்மீனிய மொழி பயின்ற கவிஞர் பைரனின் பெயரை இட்டார்கள். அங்கே முகவரி சொல்வதே நன்றி சொல்வதாகிவிடுகிறது.

உதவி பெற்ற ஆர்மீனியா பின்னர் தானும் உதவச் சென்றது. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியின் தென்கிழக்கைத் தாக்கிய நிலநடுக்கத்தில் அந்நாட்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். துருக்கியும் ஆர்மீனியாவும் தூதரக உறவு இல்லாத நாடுகள். இடையிலான எல்லை 1993 முதல் அடைந்து கிடந்தது. ஆர்மீனிய மீட்பாளர்கள் அதியமான் நகருக்குச் சென்று இடிபாட்டில் தேடினார்கள். பிப்ரவரி 11 அன்று அராஸ் ஆற்றின் மேலுள்ள மார்கரா பாலம் திறக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளில் முதல் முறையாக, ஆர்மீனியாவின் நிவாரணச் சுமையுந்துகள் துருக்கிக்குள் சென்றன.