அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டில் ‘குடை’ இருக்கா?

கலிஃபோர்னியாவில் இருக்கிற அக்காவோ நண்பனோ அடுத்த முறை வீடியோ காலில் வரும்போது, “உங்க வீட்டுக்கு அம்ப்ரெல்லா பாலிசி இருக்கா?” என்று கேட்டுப் பாருங்க. பலரிடமிருந்து “அப்படின்னா?” என்றுதான் பதில் வரும். டி.வி வாங்கினால்கூட எக்ஸ்ட்ரா வாரன்ட்டி போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பெயரில்தான் குடை, மழை, வெள்ளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. நம்மால் இன்னொருவருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டு, அவர் நஷ்டஈடு கேட்டு வழக்கு போட்டால், முதலில் கார் அல்லது வீட்டு இன்ஷூரன்ஸ் பணம் தரும். அது தீர்ந்த பிறகு மிச்சத்தைத் தாங்குவது அம்ப்ரெல்லா.

சிக்னலில் ஒரு நொடி கவனம் தவறி, அக்கா ஒருவர் மேல் காரை மோதிட்டாங்கன்னு வைங்க. ஆஸ்பத்திரி செலவு, வேலை இழப்பு எல்லாம் சேர்த்து 9 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வருது. கலிஃபோர்னியா சட்டப்படி ஒருவரின் காயத்துக்குக் குறைந்தபட்ச கவரேஜ் 30,000 டாலர்தான் (2025-க்கு முன்பு வெறும் 15,000). ‘குறைந்தபட்சம் போதும்’னு இருந்தவருக்கு மீதி 8,70,000 டாலர் சொந்தப் பொறுப்பு. சேமிப்பில் கை வைப்பாங்க. சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடிக்கவும் கோர்ட் மூலம் வழி இருக்கு. ஊரில் அப்பா அம்மாவுக்கு வரும் பணமும் அந்தச் சம்பளத்திலிருந்துதானே?

அதே அக்காவிடம் 2,50,000 டாலர் கார் கவரேஜும் 10 லட்சம் டாலர் அம்ப்ரெல்லாவும் இருந்தால், மீதி 6,50,000 டாலரை அம்ப்ரெல்லா கட்டிடும். வக்கீல் செலவையும் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கும். பிரீமியம் வருஷத்துக்குச் சில நூறு டாலர்கள்தான். டீன் ஏஜ் டிரைவர், நீச்சல் குளம் இருக்கும் வீடுன்னா கூடும்.

இங்கேதான் ஒரு பொறி. அம்ப்ரெல்லா தரும் கம்பெனி, கார் பாலிசியில் இவ்வளவு கவரேஜ் இருக்கணும்னு நிபந்தனை போடும். 2,50,000 கேட்ட இடத்தில், பிரீமியத்தை மிச்சம் பிடிக்க நீங்க 1,00,000-க்குக் குறைச்சிட்டா, இடையிலுள்ள 1,50,000 உங்க பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

நாய் வளர்க்கிறவங்களும் கவனிங்க. ‘இதுவரை யாரையும் கடிச்சதே இல்லை’ என்ற வாதம் கலிஃபோர்னியாவில் எடுபடாது. முதல் கடிக்கே உரிமையாளர்தான் பொறுப்பு.

சொந்த வீடு இல்லாம வாடகைக்கு இருக்கிறவங்களும் இதை எடுக்கலாம். ஆனா, சொந்தக் கார் ரிப்பேர், சொந்தக் காயம், வேண்டுமென்றே செய்த தப்பு, தொழில் சார்ந்த வழக்கு இதெல்லாம் இதில் வராது. ஆறு மாசம் தங்கப் போகும் அப்பா அம்மாவின் வைத்தியச் செலவும்தான். அதுக்கு விசிட்டர் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் தனியா எடுக்கணும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

நம்ம ஊரில் கதை வேறு. கட்டாயத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸிலேயே மற்றவரின் உயிரிழப்பு, காயத்துக்கான நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. சொத்துச் சேதத்துக்குத்தான் வரம்பு: காருக்கு 7.5 லட்சம் ரூபாய், டூவீலருக்கு 1 லட்சம். ஆனா அந்தப் பாலிசி காலாவதியாகியிருந்தா மொத்தத் தொகையும் வண்டி ஓனர் தலையில்தான். உங்க பைக்கின் பாலிசி எந்தத் தேதி வரைக்கும்னு இப்பவே மொபைலில் ஒரு தடவை பார்த்துடுங்க.