சராசரி மாதிரி (எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கிகளில்)

சராசரி மாதிரி என்பது, விநாடிக்கு லட்சம் முறை திறந்து மூடும் ஸ்விட்சையுடைய மின்வழங்கியை, அதன் ஒவ்வொரு திறப்பையும் மூடலையும் பின்தொடராமல், ஒரு சுழற்சிக்குரிய சராசரி மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மட்டுமே கொண்டு கணினியில் ஆராய்வதற்குரிய கணித வடிவமாகும். எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் இம்மின்வழங்கிகளின் கண்ட்ரோலரை வடிவமைப்பதற்கு இது பிரதான சாதனமாக விளங்குகிறது.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைப் போல உருக்கு ஆலைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த தொழிற்பிரதேசங்களில், இயந்திரங்களை நடத்தும் பி.எல்.சி.களுக்கு 24 வோல்ட் நேர்மின்சாரம் தருவது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸே. பெருஞ்சுமைகள் இயங்குவதாலும் நிற்பதாலும் மின்னழுத்தம் ஏறியிறங்கும் இத்தகைய இடங்களில், உள்ளே வரும் அசைவு வெளியீட்டில் எவ்வளவு தெரியும் என்பது வடிவமைப்பவர் முன்னரே அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

தத்துவம். 24 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் மின்வழங்கியில், ஸ்விட்ச் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ 21 விழுக்காடு நேரம் மின்சாரத்தை உள்ளே விடுகிறது. விநாடிக்கு 1,00,000 சுழற்சி எனில் ஒரு சுழற்சி 10 மைக்ரோவிநாடி. சுமை மாறியபின் வெளியீடு நிலைபெற 2 மில்லிவிநாடி ஆகுமாயின், 200 சுழற்சிகளை, ஒவ்வொன்றையும் பல துண்டுகளாக வகுத்துக் கணிக்க நேரிடும். சராசரி மாதிரியிலோ ஸ்விட்சின் இடத்தில் உள்வரும் மின்னழுத்தத்தை அவ்விழுக்காட்டால் பெருக்கிய மதிப்பு நிற்பதால், சிற்றலைகள் மறைந்து, கண்ட்ரோலருக்கு முக்கியமான மெதுவான அசைவுகள் மட்டும் எஞ்சுகின்றன.

வரலாறு. அமெரிக்காவில் கல்டெக் நிறுவனத்தின் ஜீன் வெஸ்டர், ஆர். டி. மிடில்ப்ரூக்குடன் சேர்ந்து 1972இல் இத்தகைய மின்வழங்கிகளின் தாழ்ந்த அதிர்வெண் குணங்களை வரையறுத்தார். பின்னர் மிடில்ப்ரூக்கும் ஸ்லோபோடன் சூக்கும் 1976இல் கிளீவ்லாந்தில் நடந்த மின்னணுவியல் மாநாட்டில், ஸ்விட்சின் இரு நிலைகளுக்குமுரிய சமன்பாடுகளைத் தனித்தனியே எழுதி, அவை நிலவும் நேர விகிதத்தின்படி சராசரியாக்கும் பொது முறையை அளித்தனர். தொடக்கம் 1972ஆ 1976ஆ என்பது, மின்சுற்றைச் சராசரியாக்குவதை மூலமாகக் கொள்வதா, சமன்பாட்டைச் சராசரியாக்குவதைக் கொள்வதா என்பதைப் பொறுத்தது. சராசரியாக்கும் முறையின் பெரும் பயன், மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் சுற்றில் ஸ்விட்ச் மூடியிருக்கும் நேரத்தைக் கூட்டினால் வெளியீடு முதலில் தாழ்ந்து பிறகே உயரும் என்னும் விபரீத குணத்தைச் சமன்பாட்டிலேயே காட்டியதாகும்; அதை அறியாமல் அமைத்த கண்ட்ரோலர் வெளியீட்டை நிலைநிறுத்த முயன்று ஊசலாட்டத்தையே வளர்த்துவிடும்.

பெர்க்லியில் 1973இல் வெளிவந்த, மின்சுற்றுகளைக் கணினியில் ஆராயும் ஸ்பைஸ் நிரல், ஒரு மின்சுற்றின் அதிர்வெண் விடையை ஓர் இயங்குநிலையைச் சுற்றியே கணிப்பது. இடைவிடாமல் மாறும் ஸ்விட்சுக்கு அத்தகைய நிலையே இல்லாமையால் அக்கணிப்பு நேராகப் பயன்படவில்லை. வின்சென்ட் பெல்லோ 1980இல் சராசரி மாதிரியை ஸ்பைஸில் பொருத்திக் காட்டினார். வாச்சே வோர்பேரியன் 1990இல் வெளியிட்ட மாதிரி இன்னும் அழகியது: ஸ்விட்சையும் டையோடையும் மாத்திரம் மூன்று முனைகளுடைய ஒரே உறுப்பாகப் பிரித்தெடுத்து, அதை விகிதம் மாறும் மின்மாற்றியாக அவர் கண்டார். மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றானாலும், உயர்த்தும் சுற்றானாலும், இரண்டும் செய்யும் சுற்றானாலும் அவ்வொரே உறுப்பு பொருந்தும். எஞ்சிய சுற்றை வரைந்தபடியே விட்டுவிடலாம். சமன்பாடுகளின் காட்டில் அலைந்தவர்களுக்கு இவ்வெளிமை பெரும் உபகாரமாயிற்று.

எல்லைகள். சராசரியாக்கிய மாதிரி ஸ்விட்ச் அதிர்வெண்ணின் பாதிக்கு மேல் நம்பத்தக்கதன்று. மின்னோட்டத்தின் உச்சியை அளந்து ஸ்விட்சைத் திறக்கும் கண்ட்ரோலர்களில், மூடிய நேரம் 50 விழுக்காட்டைக் கடந்தால், ஒரு சுழற்சி நீண்டும் அடுத்தது குறுகியும் வரும் ஊசலாட்டம் நேரும். எளிய சராசரி மாதிரி இதைக் காட்டாது. ரேமண்ட் ரிட்லியின் 1991ஆம் ஆண்டு மாதிரியும், டான், மிடில்ப்ரூக் ஆகியோரின் 1995ஆம் ஆண்டு மாதிரியும் இக்குறையை வெவ்வேறு வழியில் நிரப்பின. தாழ்ந்த அதிர்வெண்களில் இரண்டும் ஒத்திருப்பினும், பாதி அதிர்வெண்ணை நெருங்குகையில் வேறுபடுகின்றன. எது சிறந்தது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு.

இந்தியாவில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, கல்டெக்கில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்ற வி. ராமநாராயணன், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இப்பாடத்தைப் போதித்து, அதற்கெனப் பாடக்குறிப்பொன்றும் எழுதினார்.

அண்மை நிலை. கண்ட்ரோலர்கள் டிஜிட்டல் ஆனபின், கணிப்பிற்கு ஆகும் தாமதத்தையும் மாதிரியில் சேர்ப்பது வழக்கமாயிற்று. சராசரி மாதிரியில் கண்ட்ரோலரை அமைத்து, ஸ்விட்சுடன் கூடிய முழுச் சுற்றில் சிற்றலையையும் உச்ச மின்னோட்டத்தையும் சரிபார்த்து, இறுதியில் மேசைமேல் அளந்து உறுதிசெய்வதே ஏற்புடைய கிரமமாக நீடிக்கிறது. எதை விட்டுவிட்டோம் என்பதை நினைவிற்கொண்டு உபயோகிப்பவருக்கே இம்மாதிரி முழுப் பயனளிக்கும்.